வன்னிக் காணியும் அதன் உறுதியும்

நிலமுடையவன் கவலையற்றவன் என்று நிலமில்லாதவன் எண்ணுவது இயல்பு. ஆயின் நிலமுடையோரை நெருங்கிக் கேட்டால் அவர்களுடைய கவலைகள் வேறாக இருப்பதைக் காணலாம். கையிலுள்ள உறுதி செல்லுமா? எல்லைக்கல் நிற்க வேண்டிய இடத்திலேயே நிற்கின்றதா? வாரத்துக்கு விட்ட வயல் திரும்பக் கைக்கு வருமா? ஒற்றிக்குக் கொடுத்த பணம் மீளுமா? மகளுக்குத் தருவதாகச் சொன்ன காணியை அவள் பெயருக்கு எழுதிக் கொடுக்க முடியுமா? சிறிது பணம் சேர்த்து இரண்டு ஏக்கர் வாங்க விரும்புபவனுக்கும் இவையே கேள்விகள்.

இக்கேள்விகள் எந்நாட்டிலும் எழுவன. ஆயினும் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா ஆகிய மாவட்டங்கள் அடங்கிய வன்னிப் பெருநிலப்பரப்பில் அவற்றுக்குத் தனிக் கனம் உண்டு. ஊர் வழக்கம், ஒல்லாந்தர் தொகுப்பித்த தேசவழமை, ஆங்கிலேயர் இயற்றிய கட்டளைச் சட்டங்கள், குடியேற்றத் திட்டத்து அனுமதிப்பத்திரங்கள், சுதந்திரத்தின் பின் வந்த சீர்திருத்தங்கள் என்று பல காலத்துச் சட்டங்கள் அங்கே அடுக்கடுக்காகக் கிடக்கின்றன. தன் காணி எந்த அடுக்கைச் சேர்ந்தது என்று அறிந்தவனுக்கு விடை எளிது. அறியாதவன் உறுதியைக் கையில் வைத்துக்கொண்டே நிலத்தை இழப்பதுண்டு. அந்த அடுக்குகள் எவ்வாறு உருவாயின என்பதே இக்கட்டுரையின் பொருள்.

வன்னிக்குப் பழம் பெயர் அடங்காப்பற்று. பனங்காமம், முள்ளியவளை, கருநாவற்பற்று, கரிக்கட்டுமூலை முதலிய பற்றுகளாக அது பிரிந்திருந்தது. அங்குள்ள ஊர்ப் பெயர்களைச் சற்று நோக்கினால் நிலவுரிமையின் முதல் வரலாறு தெரியவரும். மாங்குளம், புளியங்குளம், கனகராயன்குளம், பாண்டியன்குளம் என்று குளமே ஊருக்குப் பெயராயிற்று. குளத்தின் கீழே வயல், அதன் அருகே குடியிருப்பு, அதற்கப்பால் காடு. இதுவே வன்னிக் கிராமத்தின் அமைப்பு. குளக்கட்டு உடைந்தால் மண் சுமந்தவனுக்கு நீரில் பங்கு. நீரில் பங்குடையவனுக்கு வயலில் பங்கு. மழை குறைந்த ஆண்டில் குளத்துக்கு அண்மையிலுள்ள வயலை மட்டும் உழுது விளைவைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை இலங்கையின் உலர்வலயக் கிராமங்களில் வழங்கியது. இத்தகைய வாழ்வில் உரிமைக்குச் சான்று கடதாசியன்று. ஊராரின் நினைவே சான்று. இன்னார் பேரன் இன்ன வரம்புக்குக் கிழக்கே விதைக்கின்றான் என்று ஊர் அறியும். அது போதுமானதாயிருந்தது.

வன்னியர் எனப்படும் தலைவர்கள் இந்நிலத்தை ஆண்டனர். யாழ்ப்பாணத்தை 1619இல் போர்த்துக்கேயரும், 1658இல் ஒல்லாந்தரும் கைப்பற்றினர். அவர்களுக்கு வன்னியர் யானைகளைத் திறையாகச் செலுத்தினரேயன்றித் தம் ஆட்சியை எளிதில் விட்டுக்கொடுக்கவில்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் நிலத்தையும் உடையவரையும் பதியும் தோம்புகள் எழுதப்பட்டன. அடர்ந்த காட்டுக்குள் சிதறிக் கிடந்த வன்னிக் குளங்களுக்கு அத்தகைய எழுத்து எளிதில் எட்டவில்லை. 1782இல் ஒல்லாந்தர் வன்னியை நேராகத் தம் ஆட்சிக்குள் கொண்டுவந்தனர். 1803 ஆகஸ்ட் 25ஆம் நாள் முல்லைத்தீவுக் கோட்டையை ஆங்கிலேயரிடமிருந்து கைப்பற்றிய பண்டாரவன்னியன், அவ்வாண்டு ஒக்டோபர் 31ஆம் நாள் கற்சிலைமடுவில் தோல்வியுற்றான். அதனோடு வன்னியர் ஆட்சி ஓய்ந்தது. நிலத்தின் கதை வேறு கைகளுக்கு மாறியது.

அதற்கு முன்னரே ஒல்லாந்தர் ஒரு காரியம் செய்திருந்தனர். யாழ்ப்பாணத் தமிழரின் வழக்கங்களைத் திரட்டி எழுதுமாறு ஆள்பதி கொர்னேலிஸ் யோவான் சைமன்ஸ் பணிக்க, திசாவையாக இருந்த கிளாஸ் ஐசாக்ஸ் அப்பணியை 1707இல் முடித்தார். அது தமிழில் பெயர்க்கப்பட்டு, முதலியார் பன்னிருவர் பார்த்து ஒப்பிய பின்னரே நடைமுறைக்கு வந்தது. அதுவே தேசவழமை. ஆங்கிலேயர் 1806ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரமாணத்தால் அதனை உறுதிப்படுத்தினர். வட மாகாணத் தமிழரின் சொத்துரிமையில் அதன் கை இன்றும் உண்டு.

நிலமுடையோர் இன்றும் கேட்கும் கேள்விகளுள் இரண்டுக்குத் தேசவழமை அன்றே விடை வகுத்தது. முதலாவது ஒற்றி. பணம் கொடுத்தவன் வட்டி கேட்பதில்லை. வட்டிக்கு ஈடாக நிலத்தின் விளைவை அனுபவிக்கின்றான். பணம் திரும்பியதும் நிலமும் திரும்பும். மகளின் திருமணத்துக்கோ நோய்ச் செலவுக்கோ பணம் தேவைப்பட்டவன் நிலத்தை விற்காமலே காரியத்தை முடிக்க அது வழி செய்தது. எத்தனை ஆண்டு அனுபவித்தாலும் ஒற்றி வாங்கியவன் ஒற்றி வாங்கியவனே. அவன் அனுபவிப்பது உடையவனின் இசைவோடு என்பதால், அந்த அனுபவம் தானே உரிமையாக முதிர்வதில்லை.

இரண்டாவது முன்வாங்குரிமை. நிலத்தை விற்க விரும்புபவன் முதலில் தன் உரிமைக்காரருக்கும் பங்காளிகளுக்கும், அயலில் நிலமுடையவராய் அந்நிலத்தை ஒற்றியில் வைத்திருப்போருக்கும் அறிவிக்க வேண்டும் என்பது பழைய விதி. ஒல்லாந்தர் காலத்தில் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிற்பற்றுத் தேவாலயத்தில் இவ்விற்பனை பறைசாற்றப்பட்டது. குடும்பத்து நிலம் அறியாத கையில் விழாதிருக்க வேண்டும் என்பதே இதன் நோக்கம். 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் இவ்வுரிமையைப் பங்காளிகளுக்கும் உரிமைக்காரருக்குமாகச் சுருக்கியது. பிரிக்கப்படாத பங்கொன்றை வாங்குபவன், மற்றப் பங்காளிகளுக்கு முறைப்படி அறிவித்தல் கொடுக்கப்பட்டதா என்று கேளாமல் பணத்தைக் கொடுத்தால், பின்னர் வழக்கு மன்றத்தில் அவனே பதில் சொல்ல நேரும்.

ஆங்கிலேயர் ஆட்சியில் 1840ஆம் ஆண்டு நிலவுரிமை வரலாற்றில் ஒரு திருப்பம். அவ்வாண்டு வந்த சட்டங்களுள் இரண்டை இங்கே இணைத்து நோக்க வேண்டும். 7ஆம் இலக்கச் சட்டம், நிலத்தின் விற்பனையும் நன்கொடையும் ஈடும் நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகள் கையொப்பமிட எழுதப்பட்டாலன்றிச் செல்லாது என்றது. 12ஆம் இலக்கச் சட்டம், காடும் தரிசும் குடியற்ற நிலமும், மாறாக நிறுவப்படும்வரை, முடிக்குரியன என்று கொள்ளுமாறு விதித்தது. ஆண்டுகள் இடைவிட்டுப் பயிரிடும் சேனை நிலமும் இவ்விதிக்கு உட்பட்டது. முதற் சட்டம் எழுத்தில்லாத உரிமையை வலுவிழக்கச் செய்தது. இரண்டாம் சட்டம் எழுத்தில்லாத காட்டை அரசின் கையில் சேர்த்தது.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனுக்கு இதனால் பெருந் தீங்கில்லை. அவனிடம் உறுதி இருந்தது. வேலி இருந்தது. வன்னிக் கமக்காரனின் நிலைமை வேறு. அவன் வாழ்வு வயலை மட்டும் நம்பியதன்று. சேனையையும் மேய்ச்சல் நிலத்தையும் குளத்தின் மேற்காட்டையும் சேர்ந்ததே அவன் வாழ்வு. பரம்பரையாகப் புழங்கிய அக்காட்டுக்கு அவனிடம் எழுத்தில்லை. எனவே தன் பாட்டன் வெட்டிய சேனையை வெட்டவே அவன் அரசின் அனுமதியை நாட வேண்டியவனானான். ஆயினும் ஊர் வழக்கம் முற்றாகப் புறக்கணிக்கப்படவில்லை. ஆள்பதி சேர் ஹென்றி வாட் காலத்தில் 1856இல் வந்த நீர்ப்பாசனக் கட்டளைச் சட்டம், நீர்ப்பங்கீடு பற்றிய பழைய வழக்கங்களை ஊர்க்கூட்டத்தின் வழியே மீண்டும் நடைமுறைப்படுத்த இடமளித்தது. வன்னியின் அக்கால நிலைமையை அறிய விரும்புவோர்க்கு ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டக் கைந்நூல் இன்றும் பயன்படுகின்றது.

1871ஆம் ஆண்டின் 22ஆம் இலக்க ஆட்சியுரிமைக் கட்டளைச் சட்டம் இன்னொரு திருப்பம். ஒரு காணியைப் பத்தாண்டுகள் இடையறாது, பிறர் தடையின்றி, உடையவனின் உரிமையை ஏற்காமல் ஆண்டவன் அதற்கு உரித்தாளனாகலாம் என்பது அதன் சாரம். இங்கே “உரிமையை ஏற்காமல்” என்பதே உயிரான சொல். வாரம் கொடுத்து வந்தவன், குத்தகைப் பணம் கொடுத்துச் சீட்டு வாங்கியவன், “உங்கள் காணியைப் பார்த்துக்கொள்கிறேன்” என்று கடிதம் எழுதியவன் ஆகியோர் உடையவனின் உரிமையை ஏற்றவர்கள். அவ்வாறு ஏற்று ஆண்டவரைக்கும் ஆண்டுகள் பல சென்றமையால் மட்டும் அவர்கள் உரித்தாளராவதில்லை. பங்காளி ஒருவன் முழுக் காணியையும் ஆண்டாலும் எல்லாப் பங்காளிகளுக்காகவுமே ஆள்கின்றான் என்று சட்டம் முதலில் எண்ணும். அரச காணிக்கு எதிராக இப்பத்தாண்டு விதி செல்லாது. ஆகவே வாரச் சீட்டும் குத்தகைச் சீட்டும் கணக்குக்காக மட்டும் எழுதப்படுவன அல்ல. அவை இரு பக்கத்தாருக்கும் காவல். நிலமுடையவனின் உரிமையையும் காக்கும். குத்தகைக்காரன் கொடுத்த பணத்துக்கும் சான்றாகும்.

இருபதாம் நூற்றாண்டு வன்னிக்கு நீரையும் புதிய சட்டத்தையும் ஒருங்கே கொண்டுவந்தது. கனகராயன் ஆற்றை மறித்து இரணைமடுக் குளம் கட்டும் வேலை 1902இல் தொடங்கி, 1920ஆம் ஆண்டையொட்டி நிறைவெய்தியது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் மக்கள் நெருக்கத்தையும் வேலையின்மையையும் குறைக்கும் நோக்கோடு 1936இல் தொடங்கிய குடியேற்றத்தின் பயனாகவே கிளிநொச்சி நகர் எழுந்தது. காடு வெட்டி, நுளம்போடும் யானையோடும் போராடி, முதல் விளைச்சலைக் கண்ட அக்குடும்பங்களின் கையில் இருந்தது உறுதியன்று. அவர்கள் கையில் இருந்தது அரசாங்கத்தின் அனுமதிப்பத்திரம்.

அந்த அனுமதிப்பத்திரத்தின் தாய் 1935ஆம் ஆண்டின் 19ஆம் இலக்கக் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டம். 1927இல் அமைந்த காணி ஆணைக்குழுவின் கருத்துகளை அடியொற்றி, அந்நாளில் விவசாய, காணி அமைச்சராயிருந்த டி. எஸ். சேனநாயக்க அதனைக் கொண்டுவந்தார். ஏழை உழவன் கடனுக்காக நிலத்தை இழக்கக்கூடாது, நிலம் துண்டு துண்டாகச் சிதறக்கூடாது, செல்வர் அதனை வளைத்துக்கொள்ளக்கூடாது என்பன அதன் நோக்கங்கள். அதனால் அச்சட்டத்தின் கீழ் வழங்கப்பட்ட காணியை அரசாங்க அதிபரின், இக்காலத்தில் பிரதேச செயலாளரின், எழுத்து மூல அனுமதியின்றி விற்பதும் கைமாற்றுவதும் செல்லா. அனுமதிப்பத்திரக்காரன் நிபந்தனைகளை நிறைவேற்றிய பின்னர் அளிப்புப் பத்திரம் பெறலாம். அதன் பின்னரும் தடைகள் தொடரும்.

கமக்காரன் பலமுறை தடுக்கி விழுந்த இடம் இதுவே. குடாநாட்டில் பிறந்தவன் தேசவழமை நினைவோடு வன்னிக்கு வந்தான். நிலமென்றால் ஒற்றி வைக்கலாம், சீதனமாகக் கொடுக்கலாம், பிள்ளைகளுக்குப் பிரிக்கலாம் என்பது அவன் அறிந்த முறை. குடியேற்றக் காணியில் அம்முறை செல்லாது. பணமுடைப்பட்டவன் தன் அனுமதிப்பத்திரக் காணியை ஒற்றி வைக்கின்றான். பணம் கொடுத்தவன் ஒரு கடதாசியில் கையொப்பம் வாங்குகின்றான். அல்லது அற்றோணித் தத்துவம் ஒன்றை எழுதுவித்துத் தானே வாங்கியதாக எண்ணி வீடும் கட்டுகின்றான். சட்டத்தின் முன் அக்கடதாசியால் காணி கைமாறியதாகாது. அனுமதி பெற்றவன் இறந்தால் பின்னுரித்தாளராகப் பெயரிடப்பட்டவர் வருவார். வாங்கியவனுக்கு வீடும் இல்லை, காணியும் இல்லை. விற்றவனுக்கும் நன்மையில்லை. நிபந்தனையை மீறியமைக்காக அனுமதிப்பத்திரமே நீக்கப்படக்கூடும். ஏழையைக் காக்க எழுந்த சட்டம், அதனை அறியாத ஏழை இருவரை ஒருவரோடொருவர் மோதவிட்ட கதை வன்னியில் ஒன்றன்று.

மரபுரிமையிலும் இத்தகைய முரண் இருந்தது. தேசவழமையில் மகளுக்குச் சீதனமாக நிலம் செல்லும். அது அவள் பெயரிலேயே நிற்கும். 1935ஆம் ஆண்டுச் சட்டத்திலோ, பின்னுரித்தாளர் பெயரிடப்படாவிடின், வாழ்க்கைத்துணைக்கு ஆயுட்கால அனுபவம் சென்றபின், உறவினர் வரிசையில் மகன் முன்னும் மகள் பின்னுமாக எழுதப்பட்டிருந்தது. சீதனம் கொடுத்துப் பழகிய சமுதாயத்தில் இவ்வரிசை பல பெண்களை நிலமற்றவராக்கியது. இப்பாகுபாட்டை நீக்கும் திருத்தச் சட்டம் 2022ஆம் ஆண்டிலேயே வந்தது. எண்பத்தேழு ஆண்டுகள் காத்திருந்த திருத்தம் அது. திருத்தம் வந்த பின்னரும், பின்னுரித்தாளரின் பெயரைக் காலத்தோடு பதிவு செய்வதே குடும்பத்துக்குப் பாதுகாப்பு.

இனி, நிலமுடையவனுக்கும் உழுபவனுக்கும் இடையிலான கேள்விக்கு வருவோம். நெல் வயலை வாரத்துக்கு உழுபவன் விதைப்புக்கு முன்னும் அறுவடைக்குப் பின்னும் உடையவனின் தயவில் நின்ற காலம் இருந்தது. அமைச்சர் பிலிப் குணவர்த்தன கொண்டுவந்த 1958ஆம் ஆண்டின் 1ஆம் இலக்க நெற்காணிச் சட்டம், உழுபவனை நினைத்தபடி வெளியேற்ற முடியாது என்றும், அவன் கொடுக்க வேண்டிய வாரத்துக்கு மேலெல்லை உண்டு என்றும் விதித்தது. 1972ஆம் ஆண்டின் 1ஆம் இலக்கக் காணிச் சீர்திருத்தச் சட்டம், ஒருவர் 25 ஏக்கர் நெற்காணிக்கு மேலோ, மொத்தம் 50 ஏக்கருக்கு மேலோ வைத்திருக்கலாகாது என்றது. இன்று நெற்காணி பற்றிய கருமங்கள் 2000ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் நடைபெறுகின்றன. ஆகவே வயல் வாங்குபவன் கமநல சேவை நிலையத்துப் பதிவேட்டில் யார் உழுபவராகப் பதியப்பட்டுள்ளார் என்று பார்க்கவேண்டும். வயலை மண்ணிட்டு மேடாக்கிக் கடை கட்ட எண்ணுபவனும், அதற்கு முன் அனுமதி வேண்டும் என்பதை நினைவிற்கொள்ள வேண்டும்.

வன்னியில் இக்கேள்வி வயலோடு நிற்கவில்லை. குடியேற்றத்தில் மத்திய வகுப்பாருக்கும் காணிகள் வழங்கப்பட்டன. அவற்றைப் பெற்றோர் பலர் யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் வாழ்ந்தனர். காட்டை வெட்டவும் பயிர் செய்யவும் கைகள் வேண்டியிருந்தன. 1958, 1977, 1983ஆம் ஆண்டுகளின் வன்செயல்களால் மலையகத்தினின்றும் தெற்கினின்றும் உயிர் தப்பி வந்த தமிழ்க் குடும்பங்கள் பல வன்னியில் தங்கின. அவர்களுட் பலர் பிறர் காணியின் ஓரத்தில் குடிசை கட்டி, அக்காணியில் உழைத்து, பிள்ளைகளைப் பெற்று வளர்த்தனர். காணியின் எழுத்து ஒருவரிடம் இருந்தது. வியர்வை மற்றொருவருடையதாக இருந்தது. உடையவர் தூரத்தில் இருந்தமையால் வாடகையும் கேட்கவில்லை, சீட்டும் எழுதவில்லை. குடியிருந்தவர் தயவில் இருக்கின்றாரா, உரிமையில் இருக்கின்றாரா என்பது யாராலும் சொல்லப்படாமலே ஒரு தலைமுறை கழிந்தது.

அந்த மௌனத்தின் விலை போருக்குப் பின் தெரிந்தது. போர் முடிந்து 2009க்குப் பின் மக்கள் மீண்டு வந்தபோது, வெளிநாடு சென்ற உடையவரின் பிள்ளைகள் உறுதியோடு வந்தனர். முப்பது ஆண்டு குடியிருந்தவரின் பிள்ளைகள் கிணற்றையும் தென்னையையும் காட்டினர். வீட்டுத் திட்டத்தின் உதவி பெறக் காணி உரிமைச் சான்று கேட்கப்பட்டது. சான்றில்லாதவர் கூரையின்றி நின்றனர். இரு பக்கத்தாருக்கும் நியாயம் உண்டு. உடையவரின் எழுத்தையும் தள்ளுவதற்கில்லை, உழைத்தவரின் ஆண்டுகளையும் தள்ளுவதற்கில்லை. பேசித் தீர்த்து, ஒரு பகுதியை எழுதிக்கொடுத்து, மறுபகுதியைப் பெற்றுக்கொள்வது இத்தகைய பிணக்குக்கு ஒரு நல்வழி. வழக்கு மன்றத்தில் பல ஆண்டு நின்று வென்றவனுக்கும் அயல் பகையே எஞ்சும்.

போர்க்காலத்தில் இடம்பெயர்ந்தவன் தன் காணியில் நின்று உரிமை காட்ட முடியாது. அக்காலத்தையும் பத்தாண்டுக் கணக்கில் சேர்ப்பது அநீதி என்று உணர்ந்தே 2016ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க ஆட்சியுரிமை (சிறப்பேற்பாடுகள்) சட்டம் நிறைவேற்றப்பட்டது. 1983 மே 1ஆம் நாள் முதல் 2009 மே 18ஆம் நாள் வரையுள்ள காலத்தில், போர்ச் சூழலால் தம் உரிமையை நாட முடியாதிருந்தோருக்கு எதிராக ஆட்சியுரிமைக் காலம் ஓடாது என்று அது கூறியது. ஆனால் அதன் பயனை நாட இரண்டாண்டுக் காலமே கொடுக்கப்பட்டது. அகதி முகாமிலிருந்தும் அயல்நாட்டிலிருந்தும் வரவேண்டியவர்களுக்கு இரண்டாண்டு மிகக் குறுகிய காலம். அரச காணிப் பிணக்குகளைத் தீர்க்கக் காணி ஆணையாளர் நாயகத்தின் 2013/01ஆம் இலக்கச் சுற்றறிக்கை வடக்கு, கிழக்கு மாகாணங்களுக்கென ஒரு முறையை வகுத்தது.

போரில் உறுதிகளை இழந்தோர் பலர். ஓர் இடம்பெயர்வில் பெட்டியைத் தூக்கியவர்கள் அடுத்த இடம்பெயர்வில் குழந்தையை மட்டுமே தூக்கினர். அவர்கள் அறிய வேண்டியது ஒன்றுண்டு. உறுதி தொலைந்தால் உரிமை தொலைவதில்லை. நொத்தாரிசு முடித்த உறுதிக்கு மூன்று வடிவம் உண்டு. மூலம் உடையவரிடம் செல்லும். இணைப்பிரதி காணிப் பதிவகத்துக்கு அனுப்பப்படும். மூன்றாவது நொத்தாரிசின் கோவையில் இருக்கும். ஒன்று எரிந்தாலும் மற்றொன்றைத் தேடலாம். அனுமதிப்பத்திரக் காணியாயின் பிரதேச செயலகத்துப் பேரேட்டில் அதன் பதிவைத் தேடலாம்.

பெண்களின் நிலை இன்னும் கடினம். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண், தன் பெயரிலுள்ள காணியையே விற்கவோ ஈடு வைக்கவோ, 1911ஆம் ஆண்டுச் சட்டப்படி, கணவனின் எழுத்து மூல இசைவு பெறவேண்டும். கணவன் காணாமற்போன பெண் யாரிடம் இசைவு பெறுவாள்? அதே சட்டம் அதற்கு ஒரு வாயிலைத் திறந்தே வைத்துள்ளது. கணவன் இருக்குமிடம் தெரியாதவிடத்து மாவட்ட நீதிமன்றத்தை நாடி அதன் இசைவைப் பெறலாம். 2016இல் வந்த சட்டத்திருத்தத்தால் காணாமற்போனமைக்குச் சான்றிதழ் பெறவும் வழி ஏற்பட்டது. நூறாண்டுக்கு முன் எழுதிய வாசகம் ஒன்று இன்றைய முல்லைத்தீவுப் பெண்ணுக்குக் கதவாக இருப்பதும், அதனை அவளுக்கு எடுத்துச் சொல்வார் அரிதாக இருப்பதும் எண்ணத்தக்கன.

காணிக்குச் சான்று கேட்கும் குரல் இன்னும் ஓயவில்லை. 1931ஆம் ஆண்டின் காணி நிர்ணயக் கட்டளைச் சட்டத்தின் கீழ், 2025 மார்ச் 28ஆம் நாள் ஒரு வர்த்தமானி அறிவித்தல் வெளியாயிற்று. யாழ்ப்பாணம், கிளிநொச்சி, முல்லைத்தீவு, மன்னார் மாவட்டங்களில் 5,900 ஏக்கருக்கு மேற்பட்ட நிலத்துக்கு உரிமையுடையோர் மூன்று மாதத்துள் முன்வரவேண்டும், இன்றேல் அந்நிலம் அரசுடையதாகக் கொள்ளப்படும் என்பது அதன் பொருள். இடம்பெயர்ந்து எழுத்திழந்த மக்களிடம் மூன்று மாதத்தில் எழுத்துக் கேட்பது எவ்வாறு என்ற கேள்வி எழுந்தது. அவ்வாண்டு யூன் மாதத்தில் உயர் நீதிமன்றம் அதற்கு இடைக்காலத் தடை விதித்தது. பின்னர் அறிவித்தலும் மீட்டுக்கொள்ளப்பட்டது. 1840இல் எழுந்த அதே கேள்வி 185 ஆண்டுகளின் பின்னும் அவ்வாறே நிற்கின்றது.

பிற நாடுகள் இக்கேள்வியை எவ்வாறு தீர்த்தன? 1858இல் தென் ஆஸ்திரேலியாவில் ரொபர்ட் ரொறன்ஸ் என்பார் ஒரு முறையைக் கொண்டுவந்தார். பழைய உறுதிகளைச் சங்கிலியாகத் தொடர்ந்து தேடுவதை விடுத்து, அரசின் பதிவேட்டில் யார் பெயர் உண்டோ அவரே உடையவர் என்பது அம்முறை. இலங்கையின் 1998ஆம் ஆண்டு 21ஆம் இலக்க உரித்துப் பதிவுச் சட்டம் அவ்வழியைச் சேர்ந்தது. முறை நன்று. ஆயின் முதற் பதிவு பிழையாயின் பிழையே நிலைபெற்றுவிடும். ஆதலால் அளவையும் விசாரணையும் ஊரில் நடக்கும் நாளில் உடையவர் ஊரில் இருப்பது இன்றியமையாதது.

இவ்வரலாற்றிலிருந்து வன்னியில் காணி உடையவரும் வாங்குவோரும் கொள்ள வேண்டிய பாடம் சிலவே. காணி தனியார் உறுதிக் காணியா, அனுமதிப்பத்திரக் காணியா, அளிப்புக் காணியா என்று முதலில் அறிக. பதிவகத்தில் தேடி, ஈடோ வழக்கோ உண்டா என்று காண்க. பங்காளிகளுக்கு அறிவித்தல் சென்றதா என்று கேட்க. பரப்புக் கணக்கில் பேசும்போது எந்தப் பரப்பு என்று தெளிக. ஏக்கருக்கு வரகுப் பரப்பு 16, நெற்பரப்பு 24. ஒன்றை மற்றொன்றாக எண்ணி விலை பேசினால் மூன்றிலொரு பங்கு காற்றில் போகும். நில அளவையாளரோடு எல்லையை நடந்து பார்க்க. காணியில் குடியிருப்பவர் எவராயினும் அவரோடு பேசி, அவர் நிலை யாதென்பதை எழுத்தில் வைக்க. வாரமோ குத்தகையோ வாங்கினால் சீட்டுக் கொடுக்க.

கடைசியாக, அயலாரைக் கேட்க. வன்னியின் முதற் சட்டம் ஊராரின் நினைவாக இருந்தது. எத்தனை கட்டளைச் சட்டங்கள் வந்தபோதும் அச்சான்று முற்றாகச் செத்துவிடவில்லை. எல்லைப் பிணக்கில் இன்றும் நீதிமன்றம் அயலானைச் சாட்சிக் கூண்டில் ஏற்றுகின்றது. யார் கிணறு வெட்டினார், யார் தென்னை நட்டார், எந்த ஆண்டு யார் போனார், யார் வந்தார் என்பதை ஊர் அறியும். எழுத்தும் ஊர் நினைவும் ஒன்றையொன்று ஒத்திருக்கும் காணியே கவலையற்ற காணி. அவை இரண்டும் முரணும் காணிகள் வன்னியில் இன்னும் பல. அவற்றை அறிந்த முதியோர் குறைந்து வருகின்றனர். அவர்கள் இருக்கும்போதே அவர்களை அழைத்து எல்லையை நடந்து, கண்டதை எழுதி, சாட்சியோடு கையொப்பமிட்டு வைப்பது இன்று வாழும் தலைமுறையின் கடமை. நாளைய பிள்ளைகளுக்கு விட்டுச் செல்லும் முதுசத்துள் பிணக்கற்ற எல்லையைப் போன்ற செல்வம் வேறில்லை.